ஒரு வாய்க்கு நான்கு விரல்

எங்கள் தெருவில் சுத்தமான தண்ணீரே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. தெருமுனையில், இரண்டு ஆள் உயரக் கண்ணாடித் தூண் ஒன்றுக்குள் இருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் நிற்பவரின் சட்டைப் பித்தானை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. தொடத்தான் கூடாது. பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். கைக்குழந்தை நாக்கை நீட்டினால்கூட எழுந்து நிற்பார்.

அதற்கு ‘நம்பிக்கைத் தூண்’ என்று பெயர். வைத்தது தூய நீர் வாரியம். தெருவில் எதை விற்றாலும் விலையோடு பத்தில் ஒரு பங்கைத் தண்ணீர் வரியாகச் சேர்த்து வாங்கி வாரியத்துக்குக் கட்ட வேண்டும். அந்த வாரம் எவ்வளவு வரி வந்ததோ அதற்கேற்ற தண்ணீரைச் சனிக்கிழமை காலையில் வண்டியில் கொண்டுவந்து, ஏணி வைத்து ஏறி, தூணுக்குள் ஊற்றுவார்கள். வருஷக் கடைசிக்குள் தூண் நிறைந்துவிட்டால் எங்கள் தெருவுக்குத் திட்டத்தின் இரண்டாம் கட்டம். நிறையாவிட்டால் இருப்பதைச் சாக்கடையில் திறந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தண்ணீர் வாரியம் தண்ணீரைத் தவிர வேறு எதைக் கொடுக்கப் போகிறது?

நான் பல் செட் கட்டுகிறவன். வீட்டு முன்னறைதான் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, வாயில் வைத்து அச்செடுக்கும் தட்டுகள் ஒரு டஜன், அலமாரி நிறைய யாருடையவை என்று மறந்துபோன பிளாஸ்டர் வாய்கள். தூண் நிறைய வேண்டும் என்று எனக்கு இருந்த வெறிக்கு ஒரே காரணம் என் மனைவி. எட்டு மாதமாக அவள் சாப்பிடுவது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. எங்கள் குழாயில் வருவது துருப்பிடித்த வாளியின் நிறத்தில் இருக்கும். ஒருமுறை கொதிக்க வைத்தால் நாறும். மூன்று முறை கொதிக்க வைத்தால் கெட்டியாகும்.

“மருந்துல ஒண்ணும் இல்லைங்க. தண்ணிய மாத்துங்க,” என்றார் மருத்துவர். “வருஷக் கடைசிக்குள்ள மாத்தலைன்னா மறுபடி என்கிட்ட கூட்டிட்டு வர வேண்டியிருக்காது.”

கடையில் புட்டித் தண்ணீர் வாங்கலாமே என்று கேட்பீர்கள். புட்டித் தண்ணீர் விற்பது திட்டத்தின்மேல் அவநம்பிக்கையைப் பரப்புவதாகும் என்று தடை போட்டுவிட்டார்கள். கடைசியாக விற்றவருக்கு இடது முழங்கை இன்றும் மடங்காது.

வரி வந்து சில வாரத்திலேயே ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். கிழிந்ததைத் தைத்தார்கள், உடைந்ததை ஒட்டினார்கள். தூணில் முழங்கால் உயரத்தில் தண்ணீர் நின்றது நின்றதுதான். நான்கு மாதம் ஒரு விரல்கூட ஏறவில்லை. அப்போதுதான் வாரியத் தலைவரே நேரில் வந்து தூணடியில் கூட்டம் போட்டார்.

“ரொம்ப வருத்தத்தோட வந்திருக்கேன்,” என்றார். “ஒரு தெருவே கூடிச் சிக்கனமா இருக்கீங்க. குடிநீருக்கு இதைவிட ஒரு துரோகம் உண்டா? போன மாசம் இந்தத் தெருவுல ஒரே ஒரு செருப்பு வித்திருக்கு. ஜோடிகூட இல்லைங்க, ஒத்தச் செருப்பு!”

செருப்பு தைப்பவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களைக் குத்தம் சொல்லல. தேவை இருந்தாத்தான் வாங்குவீங்க. அந்தத் தேவையை உண்டாக்கிக் குடுக்கறது எங்க கடமை. இனிமே கொள்முதல் ஊக்கப் பிரிவு வீடு வீடா வரும். பயப்படாதீங்க, எல்லாரும் நல்ல பிள்ளைங்க.”

நான்கு பேர் வந்தார்கள். மார்பில் நீலத் துளிச் சின்னம், கையில் ஆளுக்கொரு சுத்தியல். தலைமை ஊக்குநர் என்பவர் மிகவும் மெதுவாகப் பேசுவார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். முதலில் எதிர்வீட்டு அக்காவிடம் போனார்கள். குடை பழுது பார்ப்பது அக்காவின் தொழில்.

“அம்மா, வீட்ல எத்தனை தட்டு இருக்கு?”

“எட்டு.”

“நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க.”

“பத்து.”

பத்தையும் முடித்தார்கள். பீங்கானை உடைத்தார்கள், பித்தளையை நசுக்கினார்கள். தட்டு எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, உடைத்த விதம் திருப்தியாக இருந்ததா என்று ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

தட்டு முடிந்து ஜன்னல், ஜன்னல் முடிந்து கதவு, பிறகு நாற்காலி, கட்டில். தூணில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நான் சனிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்து மனைவியிடம் சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே கேட்பாள். ஆனால் மனிதன் எதற்கும் பழகிவிடுகிறானே! ஜனங்கள் காகிதத்தில் வைத்துச் சாப்பிட்டார்கள், கதவுக்குப் பதில் சாக்கைத் தொங்கவிட்டார்கள், தரையில் படுத்தார்கள். உடைந்த நாற்காலிக் கால்களை மட்டும் எதற்காவது உதவும் என்று மூலையில் சாய்த்து வைத்தார்கள். உடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஊக்குநர்கள் வீடு வீடாகப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் விவகாரம் நடந்தது. தெருவில் விலை உள்ளதாக மிச்சம் இருந்தது அவருடைய தையல் மெஷின் ஒன்றுதான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். மெஷினுக்கு ஓங்கிய சுத்தியல் விலகி அவர் வாயில் இறங்கியது. தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் மூன்று பற்களும் அவ்வளவு ரத்தமும். அன்று மாலையே என்னிடம் வந்தார். அச்செடுத்தேன், கட்டினேன், விற்றேன், வரியைக் கட்டினேன். பல் செட் சும்மா கிடைக்கும் சாமானா? ஒரு செட்டின் விலையில் அக்கா வீட்டுத் தட்டுகளை ஏழு தடவை வாங்கலாம். அந்தச் சனிக்கிழமை தூணில் தண்ணீர் நான்கு விரல் ஏறியது.

திங்கட்கிழமை காலை வரி அலுவலர் என் கடைக்கு வந்தார். கக்கத்தில் எப்போதும் விதிப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டிருக்கும் ஒல்லி மனிதர்.

“ஒரே வாய்ல நாலு விரல்!” என்றார். “உங்க தொழில்ல இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே. ஒரு சந்தேகம். எந்தப் பல்லு போனாலும் செட் கட்டிக்குவாங்களா?”

என் தொழிலைப் பற்றி ஒருவர் ஆசையாகக் கேட்டு எத்தனை வருஷமாகிவிட்டது! நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான்.

“அதெப்படிங்க? கடைவாய்ப் பல்லு போனா ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. இன்னொரு பக்கமா மென்னுட்டுப் போயிடுவாங்க. மேல, முன்னால, நாலு இருக்கு பாருங்க, அது போனா மறுநாளே ஓடி வருவாங்க. வெளியில தலைகாட்ட முடியாதுல்ல?”

“மேல, முன்னால, நாலு,” என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். அடியில் இரண்டு கோடு போட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் தொடங்கினார்கள். குறை சொல்ல முடியாது, சுத்தமான வேலை. தாடைக்குக் கீழே துவைத்த துண்டு ஒன்றைச் செருகி, இருவர் தோளைப் பிடித்து, ஒருவர் தலையைப் பிடித்து, தலைமை ஊக்குநர் “ஒரே தட்டுதாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். முதல் நாள் எட்டு வாய். சாக்குப் படுதாவுக்கு ஒலியைத் தடுக்கும் சக்தி கிடையாது. தெருமுழுக்கக் கேட்டது. செருப்பு தைப்பவர் ஓடினார், காலில் அடித்து விழத்தட்டிப் பிறகு பல்லை எடுத்தார்கள். எதிர்வீட்டு அக்கா ஓடவில்லை. அந்தப் பற்கள் தனக்கு இருந்த கடைசி நிமிஷத்தில் ஒரு ஊக்குநரின் கட்டைவிரல் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் கொடுத்தார். அதற்காக அவருக்கு ஒரு அடி அதிகம் விழுந்தது.

எல்லோரும் என்னிடம் வந்தார்கள், நான் சொன்னபடியே. வாசலில் வரிசை, வாயில் துணி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பல் தேர்ந்தெடுக்க எனக்கு நேரம் ஏது? ஒரே அச்சில் நாலு நாலாக வார்த்துத் தள்ளினேன். இரண்டு மாதத்தில் தெருவில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு வந்துவிட்டது. தூணில் தண்ணீர் தலையைத் தாண்டி ஏறியது.

ஒரு மத்தியானம் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றாள்.

“எதிர்வீட்டு அக்காவுக்கு முன்னால நாலு. செருப்புக்காரருக்கும் முன்னால நாலு. எல்லாருக்கும் அதே நாலு. எப்படிங்க அது?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“கேட்டாச் சொல்லிடுவீங்களா?”

“தொழில் விஷயம்தானேன்னு...” என்று இழுத்தேன். “உனக்காகத்தானே.”

“எனக்காகன்னு அக்கா வாயில அடிக்கச் சொன்னேனா நான்?”

அதன் பிறகு அவள் என்னிடம் தண்ணீர் கேட்பதை விட்டுவிட்டாள். தவழ்ந்து போய்த் தானே எடுத்துக் குடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டுப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தூணடியில் முதல் ஆளாக நின்றவன் நான்தான்.

வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை விழா வைத்தார்கள். தலைவர் மாலையோடு மேடையில் நின்றார். என் மனைவியையும் தூக்கிக்கொண்டு போய்த் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்தேன், நல்ல தண்ணீர் வரும் நாளை அவள் பார்க்கட்டும் என்று. எல்லோரும் சிரியுங்கள் என்றார் தலைவர். தெருவே ஒரே மாதிரி சிரித்தது. ஏணி வைத்து ஏறி ஊற்றினார்கள். நின்றது. விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது.

“சரியா ஒரு வாய் குறையுது,” என்றார் வரி அலுவலர். கூட்டத்தைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். “இந்தத் தெருவுல சொந்தப் பல்லோட ரெண்டே பேர்தான். பல் செட்காரரும் அவர் சம்சாரமும்.”

நான் முன்னால் போய் வாயைத் திறந்தேன். “என்னோடத எடுத்துக்குங்க.”

“அதுல வருமானம் இல்லைங்க. உங்க செட்டை நீங்களே கட்டிக்குவீங்க. அது விற்பனை ஆகாது.”

“வெளியூர் போய்க் காசு குடுத்து வாங்கிக்கறேன்!”

“வரி அவங்க தூணுக்குப் போயிடுமே? சம்சாரத்துக்குன்னா நீங்க ரசீது போட்டுக் குடுக்கலாம். குடும்பத்துக்குள்ள வித்தாலும் விற்பனைதான், விதியிலேயே இருக்கு.”

தலைமை ஊக்குநர் செருப்பைக் கழற்றிவிட்டு என் மனைவியின் முன்னால் மண்டியிட்டார். துவைத்த துண்டு ஒன்றை அவள் தாடைக்குக் கீழே செருகினார். “ஒரே தட்டுதாம்மா. உங்க நல்லதுக்குத்தான்.” நான் குறுக்கே பாய்ந்தேன். இரண்டு பேர் என் கையை முறுக்கினார்கள்.

மனைவி துண்டை எடுத்துக் கீழே போட்டாள். “ஒரு நிமிஷம் இருங்க. தலைவரய்யா, தூண் நிறைஞ்சதுக்கப்புறம் எத்தனை நாள்ல எங்க குழாய்ல நல்ல தண்ணி வரும்?”

தலைவர் சிரித்தார். முப்பத்திரண்டும் சொந்தப் பற்கள்.

“குழாய்லயா? யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது? ரெண்டாம் கட்டம்னா இதைவிடப் பெரிய தூண். மூணு ஆள் உயரம்! விளக்கெல்லாம் போட்டுத் தர்றோம். நம்ம ஆலை வாரத்துக்கு நூறு தூணுக்கு ஊத்துற அளவுக்குத்தாம்மா சுத்தம் பண்ணும். வர்ற வரியெல்லாம் அதுக்கே சரியாப் போகுது. அதைப் போயி குழாய்ல விட்டா நீங்கபாட்டுக்குக் குடிச்சிடுவீங்க. அப்புறம் சுத்தமான தண்ணின்னா எப்படி இருக்கும்னு ஜனங்களுக்கு எதைக் காட்டுறது?”

என் கையைப் பிடித்திருந்தவர்களுக்கும் அது புதுச் செய்தி போலிருக்கிறது, பிடி தளர்ந்தது. அவர்கள் வீட்டிலும் குழாய் இருக்குமே.

நான் கோபக்காரன் இல்லை. இருபது வருஷமாக மற்றவர்கள் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவனுக்குப் பொறுமை தானாக வந்துவிடும். தலைமை ஊக்குநரின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கியதும், மேடையில் ஏறியதும் எனக்குச் சரியாக நினைவில்லை. அடித்த இடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மேலே, முன்னால், நான்கு. ஒரே தட்டு. பக்கத்துப் பற்களுக்குக் கீறல்கூட இல்லை.

தலைவர் மாலையில் ரத்தம் ஒழுக உட்கார்ந்துவிட்டார். “கடை திறந்திருக்குங்க,” என்றேன். “ரசீதும் தர்றேன்.”

வரி அலுவலர் தலைவரைத் தூக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினார். “வாரியத்தார் வாங்கினா வரிவிலக்கு,” என்றார் வருத்தமாக. “அளவு ஏறாது.”

அதற்குள் நால்வரும் என்மேல் விழுந்தார்கள். சுத்தியல் என் கையிலிருந்து எகிறி எங்கோ விழுந்தது. விலா உடைந்த சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது. வாயில் ஐந்தாறு அடி, முன்பல், கடைவாய் என்று எந்தக் கணக்கும் இல்லாமல். “வருமானமில்லாத அடி! நிறுத்துங்க, அது வருமானமில்லாத அடி!” என்று வரி அலுவலர் கத்திக்கொண்டே இருந்தார்.

பிறகு வேறு ஒரு சத்தம் கேட்டது. தலையைத் திருப்பினேன். என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு மாதமாக எழுந்து நிற்க முடியாதவள், சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்துத் தூணில் அடித்துக்கொண்டிருந்தாள். முதல் அடிக்குக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டாவது அடிக்குக் காவலர் ஓடிவந்து அவள் முடியைப் பிடித்தார். அக்கா ஒரு குடைக்கம்பியை அவர் தொடையில் பாதிவரை இறக்கினார். மூன்றாவது அடிக்குத் தூண் வெடித்தது.

இரண்டு ஆள் உயரத் தண்ணீர் கண்ணாடியோடு தெருவில் விழுந்தது. வரி அலுவலரின் கன்னம் காது வரைக்கும் கிழிந்தது. யாரும் பார்க்கவில்லை. தெருவே மண்டியிட்டது. அள்ளுவதற்கு ஒரு வீட்டிலும் பாத்திரம் இல்லை, எல்லாவற்றையும்தான் உடைத்தாகிவிட்டதே. தையல்காரர்தான் முதலில் வாயில் கைவிட்டுத் தன் செட்டைக் கழற்றினார். மேலண்ணத்தில் ஒட்டும் தகடு குழிவானது, கவிழ்த்துப் பிடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். அவர் அள்ளிக் குடித்ததைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். என் கைவேலை அத்தனையும் தண்ணீருக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

குடித்து முடித்தவர்கள் வீட்டுக்குள் ஓடினார்கள். மூலையில் சாய்த்து வைத்த நாற்காலிக் கால்களோடு திரும்பி வந்தார்கள். ஊக்குநர்களை என்மேலிருந்து இழுத்தார்கள். அதன்பின் நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பம் இல்லை. நிதானமாக, வரிசை தவறாமல், அவரவர் முறைக்குக் காத்திருந்து அடித்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். தலைமை ஊக்குநர் தவழ்ந்து வந்து தேங்கிய தண்ணீரில் வாயை வைத்தார். செருப்பு தைப்பவர் அவர் கையின்மேல் ஏறி நின்றுகொண்டு, அந்த ஆள் குடித்து முடிக்கும்வரை இறங்கவில்லை.

அக்கா தன் செட்டில் தண்ணீரை ஏந்திக்கொண்டு சிந்தாமல் என்னிடம் வந்தார். எனக்குத்தான் என்று நினைத்து, உடைந்த வாயைத் திறந்தேன். இன்னொரு கையால் அதிலேயே ஓங்கி ஒரு அறை விட்டார்.

“மேல, முன்னால, நாலுன்னு சொன்னியாமே தம்பி?”

அறைந்த கையால் அவர் தண்ணீரைத் தொடவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்படியே போய் என் மனைவியின் தலையைத் தாங்கிப் பிடித்து அவள் வாயில் ஊற்றினார். அவள் விழுங்கினாள். நான் தரையில் கிடந்தபடியே அழுதேன்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதமாகிறது. தலைவர் என்னிடம்தான் செட் கட்டிக்கொண்டார், சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. இப்போது அவருக்கும் எங்கள் தெருச் சிரிப்புதான். போன வாரம் அந்தச் சிரிப்போடு பேசினார்: “சுத்தமான தண்ணிமேல ஜனங்களுக்கு இவ்வளவு ஆர்வம் இதுவரைக்கும் வந்ததே இல்லை!” உண்மைதான். ஊரில் நூறு தூண்கள் இருக்கின்றன. எங்கே உடைத்தாலும் வாரியம் புதுத் தூண் வைத்துச் சனிக்கிழமை தவறாமல் ஊற்றிவிடுகிறது. அந்த ஒரு வேலையில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது. காவலுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறதாம், நேற்றைய காவலருக்கு இரண்டு காலும் போயிற்று.

நேற்று உடைந்தது முப்பத்தோராவது தூண். பட்டப்பகலில்தான் போகிறார்கள், என் மனைவி, அக்கா, இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள், கையில் குடங்களோடு. மருத்துவர் அவள் நாக்கைப் பார்த்துவிட்டு, எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

நான் இன்னும் பல் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. நேற்று அவள் திரும்பி வந்து ஒரு தம்ளர் நிறைய ஊற்றி என் முன்னால் வைத்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக.

“குடிங்க,” என்றாள்.

குடித்தேன். அவள் முற்றத்துக் குழாயைத் திறந்து, வழக்கமான செந்நிறத் தண்ணீரில் சுத்தியலைக் கழுவ ஆரம்பித்தாள். ரத்தம் போவதற்கு அந்தத் தண்ணீர் போதும்.